அசாதாரணச் சூழலில் ஒரு கேபினட்

அட்டைப்பெட்டியைப் பிரித்து அதைக் கூடத்தில் நிறுத்தியபோது எது தலை, எது கால் என்று எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் கணிப்பொறிச் சாமான்களுக்கு ஒரு தமிழ் மாத இதழில் பல வருடங்களாக மதிப்புரை எழுதிவருகிறவன் நான். அதாவது, என்னால் வாங்க முடியாத பொருள்களைப் பற்றி, வாங்கப்போகாத வாசகர்களுக்கு ஆலோசனை வழங்குகிறவன். பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுங்கச் சோதனையிலிருந்து சரக்குகளை எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா. இரண்டு வேலையிலும் யாரோ ஒருவருடைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

இதில் மூடுவதற்கு எதுவும் இல்லை.

"இன்னாங்க இது, துணி காயவெக்கிற ஸ்டாண்டா?" என்றாள் மனைவி. அவள் பிறந்தது ராயபுரம். நான் தெற்கிலிருந்து இங்கே வந்து மளிகைக்கடை போட்ட குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் பேச்சு அவளைத் திருத்தவில்லை, அவள் பேச்சு என்னைத் திருத்திவிட்டது.

"கேபினட். கம்ப்யூட்டர் கேபினட்."

"மூடி எங்க?"

"மூடி கிடையாது. அதுதான் இதோட சிறப்பே."

"பொட்டியும் கெடையாது, மூடியும் கெடையாது. நாலு கம்பிய அனுப்பிட்டு கேபினட்டுன்றான். நீயும் வாங்கி வெச்சிக்கினுகீற."

கோபம் வந்தால் அவளுடைய 'ங்க' முதலில் உதிர்ந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால் நாலு கம்பி இல்லை, நிறையக் கம்பி. வெள்ளை அலுமினியக் குழாய்களை வளைத்து, ஒரு பெரிய பறவை சிறகை விரித்தபடி ஒற்றைக்காலில் நிற்பதுபோலச் செய்திருந்தார்கள். மதர்போர்டையும் மற்ற உறுப்புகளையும் அந்தச் சிறகில் சாய்வாக மாட்டிவிட வேண்டும். மறைப்பு ஒன்றும் கிடையாது. கணிப்பொறியின் குடலும் ஈரலும் பார்வைக்கு. கூடவே வழவழப்பான ஒரு கையேடு. அதன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'இயந்திரம் சுவாசிக்கட்டும்' என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் அந்தக் காரியத்தை மனிதர்களே யோசித்துத்தான் செய்கிறோம்.

மதிப்புரைக்காகக் கம்பெனி இரவலாக அனுப்பியது அது. ஆனால் வெறும் கேபினட்டை வைத்துக்கொண்டு மதிப்புரை எழுத முடியாது. அதில் ஒரு கணிப்பொறி ஓட வேண்டும். வீட்டில் ஓடுகிற கணிப்பொறி ஒன்றுதான், அதுவும் மனைவியுடையது. அவள் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் போட்டோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். அவள் கறுப்பை மாநிறமாக்கி, மாநிறத்தைச் சிவப்பாக்கி, மணமேடைக்குப் பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பாவை அழித்து, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதில் என்னுடைய பங்கு தீக்குச்சி அளவு. மீதியெல்லாம் அந்தக் கணிப்பொறி.

அதன் பழைய கேபினட் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. பவர் பட்டன் எப்போதோ உள்ளே விழுந்துவிட்டது. சீப்பின் பிடியைத் துளைக்குள் விட்டு அழுத்தித்தான் அவள் வேலையை ஆரம்பிப்பாள். அதைச் சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். புரட்டாசி வேறு, முகூர்த்தம் கிடையாது, புதிய படங்கள் வராது.

"ஆவணி கல்யாணம் பாக்கி கீதுல்ல?" என்றாள். "காசிமேட்டு பொண்ணு ஆல்பம். அவளுக்கு இது தலதீபாளி. மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்தும்போது ஆல்பம் மேசமேல இருக்கணும். இல்லாட்டி அவ அம்மா மீன் ஏலத்துல நின்னுகினு எம்பேர சொல்லுவா. அந்தக் கொரலு எண்ணூர் வரிக்கும் கேக்கும். அப்புறம் எனக்கு எவன் வேல குடுப்பான்?"

"ஒன்றும் ஆகாது" என்றேன். பல வருட அனுபவம் உள்ள மதிப்புரையாளன் சொன்னது அது.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து மாட்டினேன். வழக்கம்போலச் சில திருகுகள் மிஞ்சின. சுவிட்சைப் போட்டதும் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகள் மாறிமாறி எரிந்து எங்கள் கூடம் புதிதாகத் திறந்த சலூன் மாதிரி ஆனது. நியாயத்தை விடக் கூடாது: முதல் சில நாள்கள் அது அருமையாக ஓடியது. சூடேறவில்லை, சத்தமில்லை. எந்த உறுப்பையும் எதையும் கழற்றாமல் தொட முடிந்தது. இதையெல்லாம் மதிப்புரைக்காகக் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

முதல் குறை வடிவமைப்பாளனுக்குத் தோன்றியே இருக்காது. அதற்கு மேல்தளம் இல்லை. நம் வீடுகளில் கேபினட் என்பது பாதி கணிப்பொறி, பாதி மேசை. என் மனைவியின் கண்ணாடி, டீ டம்ளர், சீப்பு, மஞ்சள் பூசிய சின்னப் பிள்ளையார் எல்லாம் குடியிருந்தது அந்தத் தகரப் பெட்டியின் தலைமேல்தான். இப்போது எல்லாருக்கும் வீடு போய்விட்டது. பிள்ளையாரை ஃபிரிட்ஜின்மேல் ஏற்றினாள். டம்ளருக்கு இடம் கிடைக்காமல் என் மதிப்புரைகள் வந்த பழைய இதழ்களின்மேல் வைத்தாள். நான் எழுதிய பக்கங்களில் வட்டவட்டமாக டீக்கறை படிந்தது. அவற்றில் இதுவரை யாரும் கண்ணைக்கூடப் பதித்ததில்லை, அதனால் நான் ஆட்சேபிக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் பார்க்க வந்தார். காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். படகில் டிரைவர் என்றால் எஞ்சினோடு குடும்பம் நடத்துகிறவர் என்று அர்த்தம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பறவையை ஒரு சுற்று சுற்றினார்.

"இன்னா சார், கோயிய உரிச்சி தொங்கவுட்ட மாரி கீது?"

"டிசைன்" என்றேன்.

"டிசைனு சரி. உப்புக்காத்து பூந்துக்கினுகீதே, அதுக்கு இன்னா டிசைனு?"

சிரித்து அனுப்பிவைத்தேன். படித்தவன் சிரிக்கிற மாதிரி சிரித்தேன்.

அடுத்த வாரத்தில் வெள்ளைப் பறவை சாம்பல் நிறமானது. அதற்கடுத்த வாரம் காக்கையானது. எங்கள் பக்கத்துத் தூசி செம்மண் இல்லை. கறுப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், வடக்கே அனல்மின் நிலையத்தின் கரியும் சாம்பலும். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கிச் சாகலாம், திறந்தால் கரியில் குளிக்கலாம். விருந்தாளி வெறுங்காலோடு சமையலறை வரை போய்வந்தால் உள்ளங்கால் அடுப்படிக் கரித்துணி மாதிரி ஆகிவிடும். இது எங்களுக்குச் செய்தியே இல்லை. காலையில் பெருக்கி, மாலையில் பெருக்கி, நடுவில் இருமிக்கொள்வோம். அந்தக் காற்றைத்தான் இந்தப் பறவை தன் விசிறிகளால் எட்டுத் திசையிலிருந்தும் இழுத்துத் தன் மேலேயே பூசிக்கொண்டிருந்தது. திருகுகளின் தலையில் துரு பூத்தது.

மனைவி தன் பழைய நைலக்ஸ் புடவையை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். 'துணியால் மூடாதீர்கள், அழகும் காற்றோட்டமும் கெடும்' என்று கையேடு எச்சரித்தது. படித்துக் காட்டினேன். "அவன வந்து பெருக்க சொல்லு" என்றாள். புடவைக்குள்ளிருந்து விளக்குகள் மாறிமாறி எரிவதைப் பார்க்க ஆடி மாத அம்மன் கோயில் போல இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பகுதியில் இயந்திரங்களுக்குத்தான் பெரிய பண்டிகை. லேத், ஆட்டோ, கிரேன், தையல் மெஷின், எல்லாம் அன்று குளிக்கும், பொட்டு வைத்துக்கொள்ளும், ஓய்வெடுக்கும். கீழ்வீட்டு டிரைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாள் படகின் எஞ்சினைத் துடைத்து எண்ணெய் கொடுத்த கையோடு, அதே டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கட்டடத்திலுள்ள இரும்புக்கெல்லாம் எண்ணெய் கொடுப்பார். கேட்டுக் கீல், தண்ணீர் மோட்டார், எங்கள் வீட்டு கிரைண்டர், எதையும் விடமாட்டார். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வருடா வருடம் நடக்கிற சேவை. எங்கள் மாடிப்படியில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதும் இல்லை.

அன்று மனைவி பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்தாள். நான் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தால், கூடத்தில் டிரைவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். புடவை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. பறவை பளபளவென்று மின்னுகிறது.

"வா சார். ஒரு எடம் வுடல" என்றார்.

குழாய்கள், திருகுகள், விசிறிகளின் அச்சு, பிராசஸரின் சூட்டைத் தணிக்க அதன்மேல் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் என்று எல்லாவற்றிலும் எண்ணெய். அந்தத் தகடுகளின் இடுக்கில் பிரஷ் போகாததால் இறகு வைத்துப் பூசியிருந்தார்.

"பச்ச பலகமேல கை வெக்கல சார். கரண்டு ஐட்டம், தெரியும் எனக்கு" என்று மதர்போர்டைக் காட்டினார்.

பின்னாலேயே மனைவி பூசணிக்காயோடு வந்து நின்றாள். "யண்ணே, இன்னா வேல பண்ணி வெச்சிகீற?"

"துரு புடிச்சிக்கினு கீது யக்கா. கடலுக்கு பக்கத்துல இரும்ப தொறந்து வெச்சிட்டு எண்ண குடுக்காம வுட்டா தாங்குமா? படகுல இப்டி வெச்சா ஓனரு என்ன கடல்ல தள்ளிடுவாரு."

அவரை எதற்காகத் திட்டுவது? திறந்து கிடக்கிற இரும்புக்கு இந்த ஊரில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருக்கிறார். கணிப்பொறிக்குச் செய்யக்கூடாததைச் செய்திருக்கிறார். இரண்டையும் ஒரே பொருளாக்கி என் கூடத்துக்கு அனுப்பியவன் எங்கோ குளிரூட்டிய அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மனைவி பூசணிக்காயைக் கீழே வைத்தாள். துணி எடுத்துத் துடைக்க முடிந்த வரைக்கும் துடைத்தோம். தகடுகளுக்குள் துணி போகவில்லை. மறுநாள் வேறு வழியில்லாமல் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். தட்டையான இடம் கிடைக்காமல் பொட்டு குழாயில் வழிந்தது.

எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்தால் என்ன வரும் என்பது கண்மை செய்யத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். விஜயதசமிக்குப் பிறகு சில நாள்கள் ஓடியது. அதற்குள் தகடுகளின் இடுக்கெல்லாம் மையால் அடைபட்டுவிட்டது. சூடு வெளியேற வழியில்லை. காசிமேட்டுப் பெண்ணின் ஆல்பத்தில், சரியாகத் தாலி கட்டுகிற பக்கத்தில், கணிப்பொறி தானாக அணைந்தது. ஆறவிட்டுப் போட்டால் தாலியை எடுக்கிற வரைக்கும் வரும், கட்டுவதற்குள் மறுபடியும் அணையும். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது 'ங்க' உதிர்வதற்கு அடுத்த கட்டம்.

பெண்ணின் அம்மா படியேறி வந்தார். மீன் ஏலம் முடித்த கையோடு, கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு.

"இன்னாமே, ஆல்பம் ஆச்சா?"

"ஆயிடும்க்கா. மிசினு கொஞ்சம் பேஜாரு பண்ணுது."

அவர் புடவையை விலக்கிப் பார்த்தார். "இன்னா கலீஜா கீது! இதுலயா எம்பொண்ணு படம் கீது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள வூட்ல வந்து குந்திக்கினு ஆல்பம் எங்கன்னா நான் இன்னாத்த சார் காட்டுவேன்? நண்டயா?"

நான் கம்பெனிக்குப் போன் செய்தேன். தேன் ஒழுகும் ஓர் இளங்குரல் எடுத்தது. சூடாகி அணைகிறது என்றேன். எண்ணெய்க் கதையை எப்படிச் சொல்வது, அல்லது எப்படிச் சொல்லாமலிருப்பது என்று இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ப்ராடக்ட்டை எங்க வெச்சிருக்கீங்க சார்?"

"வீட்டில்."

"எந்த ஏரியா சார்?"

"திருவொற்றியூர்."

"கடல் பக்கமா சார்?"

"ஆமாம்."

"ஃபேக்டரி எல்லாம் இருக்கிற ஏரியாவா சார்?"

"ஆமாம்."

"அதான் சார். இது நார்மல் கண்டிஷனுக்காக டிசைன் பண்ணது. உங்களோடது அசாதாரணச் சூழல்ல வருது. அதுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கையேட்டுலயே இருக்கு சார்."

எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. என் முகவரியே போதுமானதாக இருந்தது.

அசாதாரணச் சூழல். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் அது உண்மையிலேயே இருந்தது. நான் பிறந்த ஊர் அது. என் மகள் பள்ளிக்கூடம் போகிற தெரு அது. அவளுடைய இன்ஹேலர் எங்கள் வீட்டில் சாவிக்கொத்தோடு ஒரே ஆணியில் தொங்குகிறது, வெளியே கிளம்பும்போது இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம், அதில் யாருக்கும் அதிசயம் தெரிந்ததில்லை. அலுமினியக் கம்பிக்கு ஒத்துவராத காற்று என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்து, அச்சடித்து, கைகழுவியும் விட்டது. நுரையீரலுக்கு யாரும் கையேடு போடவில்லை. அந்தப் பறவை அழகாக நிற்கப்போகும் குளிர்ந்த அறைகளின் மின்சாரத்துக்குக் கரி எரிகிறதே, அந்தக் கரியின் மிச்சம்தான் என் கூடத்தில் அதன் சிறகில் படிந்திருந்தது. அவர்களுக்குக் குளிர், எங்களுக்கு மை. இதில் சாதாரணம் யார், அசாதாரணம் யார்?

இந்தப் பத்தியை அப்படியே மதிப்புரையில் எழுதி அனுப்பினேன். இதழாசிரியர் போன் செய்தார். நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"பிரமாதமா இருக்கு. ஆனா நம்ம வாசகர்கள் எல்லாருமா திருவொற்றியூர்ல இருக்காங்க? பொதுவா எழுதுங்களேன்."

"பொதுவா என்றால்?"

"எல்லாருக்கும் பொருந்தற மாதிரி. தூசி அதிகம் உள்ள இடங்களுக்கு ஏற்றதல்லன்னு ஒரு வரி போட்டுக்கலாம்."

"நான் ஒரு வரி இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். நல்ல வசனம் என்று அப்போது தோன்றியது. திரும்பிப் பார்த்தால் மனைவி தரையில் உட்கார்ந்து பறவையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டியா? வந்து இந்த திருகப் புடி."

பல் தேய்க்கும் பழைய பிரஷ், ஒரு பாட்டில் ஸ்பிரிட், கிழிந்த வேட்டி. நான் கொடுக்கக் கொடுக்க அவள் ஒவ்வொரு தகட்டின் இடுக்கிலிருந்தும் மையைச் சுரண்டி எடுத்தாள். டிரைவர் வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று தெரியாமல் தவித்தார்.

"நான் வேணா டீசல் போட்டு…"

"யண்ணே, நீ அங்கியே நில்லு" என்றாள். பிறகு மனசு இளகி, "பரண்மேல பழைய பொட்டி கீது, அத எறக்கிக் குடு" என்றாள். பாவ விமோசனம் கிடைத்ததுபோல அவர் நாற்காலியில் ஏறினார்.

கறுப்புத் தகரப் பெட்டிக்குள் எல்லாம் திரும்பவும் போய்ச் சேர்ந்தன. பக்கத் தகடுகளை மாட்டி, திருகுகளை முடுக்கினாள். டிரைவர் தட்டிப்பார்த்துத் தலையாட்டினார். சீப்பின் பிடியைத் துளைக்குள் விட்டு அழுத்தினாள். ஓடியது. தாலி கட்டினார்கள். மாலை மாற்றினார்கள். பெண்ணின் அம்மா ஒரு பக்கத்தில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். அந்தப் படத்தை மட்டும் மனைவி ஒரு திருத்தமும் செய்யாமல் முழுப்பக்கமாக வைத்தாள். தீபாவளிக்கு முன்னாலேயே ஆல்பம் காசிமேட்டுக்குப் போய்விட்டது. பதிலுக்கு ஒரு கூடை நண்டு வந்தது.

கேபினட்டைத் திருப்பி எடுத்துப்போகக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெற்றபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. நான் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். இது எங்கள் ஊர்ப் பழக்கம்தான், யார் வந்தாலும் முதலில் துடைப்போம். நாற்காலியைத் துடைப்போம், டம்ளரைத் துடைப்போம், எங்களையே கொஞ்சம் துடைத்துக்கொள்வோம்.

மனைவி என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"தொடைக்காதே. அப்டியே குடு."

"திட்டுவாங்க."

"யார திட்டுவான்? இது நாம செஞ்ச அழுக்கா?"

வந்தவர் தயங்கிவிட்டு, சரி என்று பறவையை அணைத்துத் தூக்கினார். இரண்டு படி இறங்கியவர் நின்று, பறவையைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் சட்டையைப் பார்த்தார். மார்பின் குறுக்கே மூன்று கறுப்புக் கோடுகள், பட்டை போட்டதுபோல. விரலால் தேய்த்தார். அது இன்னும் அகலமாகப் பரவியது.

"என்ன மேடம் இது, மையா?"

"இல்லப்பா. எங்க காத்து."

அவருக்குக் கை கழுவ சோப்பும் தண்ணீரும் கொடுத்தாள், குடிக்க டீயும் கொடுத்தாள். அவர்மேல் எங்களுக்கு என்ன கோபம்? கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டார். சட்டையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கோடுகளோடுதான் ஆபீசுக்குப் போயிருப்பார்.

மதிப்புரை அடுத்த இதழில் வெளிவந்தது. அட்டையில், கம்பெனி கொடுத்த படத்தில் பறவை வெள்ளை வெளேரென்று நின்றது. தூசியைப் பற்றி ஒரு வரி இருந்தது, என்னுடைய பத்தி இல்லை. அதனால்தான் அதை இங்கே போட்டிருக்கிறேன். இதழைக் காட்டினேன். மனைவி படத்தைப் பார்த்தாள், வரியைப் படித்தாள், பிறகு இதழை மடித்துத் தகரப் பெட்டியின்மேல் வைத்து அதன்மேல் டீ டம்ளரை வைத்தாள். பிள்ளையார் பக்கத்திலேயே இருந்தார். கை கழுவாமல் திருப்பியிருக்கிறாள் போல, அட்டையில் இருந்த வெள்ளைச் சிறகின்மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாக, தெளிவாகப் பதிந்திருந்தது.